இருபது லிட்டர் கடல்

சிலி நாட்டு எல்லைச் சாவடியில், காசிமிரோ வால்பாவின் பையிலிருந்து மலை மிருகமான லாமாவின் கறி வற்றல் இரண்டு கிலோவை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்ட அதிகாரி, அடுத்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன?"

"தண்ணி. இருபது லிட்டர்."

"எங்க ஊர்ல தண்ணி கிடைக்காதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இந்தத் தண்ணி கிடைக்காது. டிட்டிகாக்கா ஏரித் தண்ணி. எங்க கடற்படை இதுலதான் நிக்குது."

"எந்தக் கடற்படை?"

"பொலிவியாக் கடற்படை."

அதிகாரி சிரிக்கவில்லை. அரசாங்க ஊழியர். படிவத்தில் 'தண்ணீர், 20 லி.' என்று எழுதி முத்திரை குத்தினார். வரிசையில் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர்தான் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

காசிமிரோ இதற்கெல்லாம் கோபப்படுகிறவர் இல்லை. கடலே இல்லாத நாட்டின் கடற்படையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைப்பற்றி உலகத்தில் மொத்தம் நான்கே நகைச்சுவைகள்தான் உண்டு, மற்றவை அவற்றின் குட்டிகள் என்று கணக்கெடுத்து வைத்திருந்தார். சோறு உள்ளவன் தட்டு வைத்திருப்பது பெரிய காரியமா என்று கேட்பார். சோற்றைப் பறிகொடுத்த பிறகும் நூற்று முப்பத்தொன்பது வருஷமாகத் தட்டைத் தினமும் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறோமே, அதற்கல்லவா நெஞ்சுரம் வேண்டும்.

அவர் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்த வருஷம், பொலிவியாவின் கடற்கரையைச் சண்டையில் சிலி பறித்துக்கொண்டு சரியாக நூறாவது வருஷம். நாற்பது புது வீரர்கள் ஏரிக்கரையில் கொடியைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்: கடல் எங்களிடம் திரும்பி வரும்வரை எங்கள் கால் கடலில் படாது. நாற்பதில் பதினெட்டுப் பேர் பிள்ளைகுட்டிகளோடு சிலிக் கடற்கரைக்குச் சுற்றுலா போய், பனியன் ஜட்டியோடு சத்தியத்தை முடித்துக்கொண்டார்கள். ஒருவர் கப்பலில் சமையல் வேலைக்கே போய்விட்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு சாக்கில் கால் நனைத்துவிட, மிச்சம் நின்றவர் காசிமிரோ. ஆறு வாரத்துக்கு முன்னால்தான் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள், கடலைப்பற்றிப் பொலிவியாவோடு பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் சிலிக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். ஆக, அவர் சத்தியத்துக்கு இனி முடிவு தேதி கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர் ஒரே மகள் ரொக்சானா, சிலியின் அரிக்கா நகரத்தில் தாதி வேலைக்குப் போனவள், அங்கே யெர்கோ என்ற மீனவனைக் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்திருந்தாள். மனைவி உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பாள். காசிமிரோ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சிலிக்காரன் கேட்டு வாங்கிக்கிறானே, அதுவே பெரிய முன்னேற்றம்."

படகுக்குத் தெளிக்கத்தான் அந்தத் தண்ணீர். பொலிவியாவில் புதுசாக எது வந்தாலும், வீடோ லாரியோ மருமகனோ, தெளித்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள். மருமகனுக்குப் படகு இருந்தது.

சனிக்கிழமை மதியம் சம்பந்தி வீட்டில் விருந்து. யெர்கோவின் அப்பா நிபால்தோ வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்தார். மூன்று தலைமுறையாகக் கடலில் இருக்கிற குடும்பம். குரலே அலைக்கு மேலே கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

"வாங்க சம்பந்தி. மலையிலேர்ந்து இறங்கினதுல மூச்சு முட்டுதா? இங்க காத்து கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

"பரவால்ல சம்பந்தி. காத்தையாவது எங்களுக்கு விட்டு வெச்சிருக்கீங்களே."

மேஜையில் மூன்று பாட்டில்கள் இருந்தன. ஒன்று சிலியின் பிஸ்கோ. பக்கத்தில் பெருவின் பிஸ்கோ. அதை வைத்தது சொராயிதா, நிபால்தோவின் மறைந்த மனைவிக்குத் தங்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெருவின் தாக்னா ஊரிலிருந்து கல்யாணச் சமையலுக்கென்று வந்தவள். இரண்டு பிஸ்கோவும் ஒன்றையொன்று பார்க்காதமாதிரி திருப்பி வைக்கப்பட்டிருந்தன. காசிமிரோ தன் பங்குக்குப் பொலிவியாவின் சிங்கானியை நடுவில் வைத்தார். மூன்றும் திராட்சைச் சாராயம்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அந்த மேஜையிலிருந்து யாரும் முழுசாக எழுந்திருக்க முடியாது.

"இந்த மீனைச் சாப்பிடுங்க," என்றாள் சொராயிதா. "எலுமிச்சையில ஊறவெக்கிறது எங்க கண்டுபிடிப்பு. உருளைக்கிழங்கும் எங்களது. மிளகாயும்."

"மீன் எங்களது," என்றார் நிபால்தோ.

"மீன் எந்தக் கடல்ல பிடிச்சது?"

"அரிக்காவுல."

"அரிக்கா யாரோடது?"

"ஆரம்பிச்சுட்டியா," என்று நிபால்தோ காசிமிரோ பக்கம் திரும்பினார். "இவளுக்கு நாங்க அரிக்காவை எடுத்துக்கிட்டோம்னு வருத்தம். உங்களுக்கு அந்தோஃபகஸ்தாக் கடற்கரை. நான் கேக்கறேன், சண்டையை யாரு இழுத்தது? எங்க கம்பெனி தோண்டற வெடியுப்புக்கு வரி ஏத்த மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் பத்து சென்டாவோ ஏத்தினீங்க. பத்து காசு. எங்க பள்ளிக்கூடத்துல அதுதான் முதல் பாடம்."

"எங்க பள்ளிக்கூடத்துல முதல் பாடம், நீங்க சொல்லாம கொள்ளாம கப்பல்ல வந்து இறங்கினது."

"நாங்க இறங்கினப்ப உங்க ஆளுங்க கார்னிவல் திருவிழாவுல ஆடிட்டிருந்தாங்களாமே."

"ஆடிட்டுத்தான் இருந்தாங்க. வீட்டுக்காரன் ஆடறப்ப உள்ள வர்றவனுக்கு வேற பேரு."

"பத்து காசுக்கு ஒரு கடல்," என்றாள் சொராயிதா, மீனைப் பரிமாறிக்கொண்டே. "மீதிச் சில்லறை இன்னும் வரலை. நாங்க பாவம், பொலிவியா நட்புக்காகச் சண்டைக்கு வந்து அரிக்காவை விட்டுட்டு வீட்டுக்குப் போனோம்."

மூவரும் சிரித்தார்கள். ரொக்சானா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நிபால்தோ சந்தோஷமாக விஷயத்தை எடுத்தார். இந்தக் குடும்பத்துக்குள் மருமகள் தரை வழியாக வருவதில்லை. பெண்ணின் தகப்பன் அவள் கையைப் பிடித்து முழங்கால் அளவு கடலில் நடத்திக் கூட்டிவந்து, நங்கூரமிட்ட படகில் ஏற்றிவிட வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பன் மேலேயிருந்து கைகொடுப்பார். "என் பொண்டாட்டியை அவ அப்பா அப்படித்தான் ஏத்திவிட்டாரு. பெருக்காரரு. எங்க கடல்ல நடக்கறேன்னு சொல்லிக்கிட்டே நடந்தாரு. நான் காதுல வாங்கிக்கலை."

காசிமிரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் கடல்ல கால் வெக்க மாட்டேன் சம்பந்தி. சத்தியம்."

விளக்கம் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. நிபால்தோ வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கி, எதிரே இருந்த முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"படகைக் கரைக்கு இழுத்துட்டா?" என்றாள் ரொக்சானா.

"மணல்ல பொண்ணு ஏறின படகு மணல்லயே கிடக்கும்மா. எங்க அப்பா காலத்துலேர்ந்து மாத்தினதில்லை. நாளைக்கு என் தம்பிங்க நாலு பேரும் பாப்பாங்க."

சொராயிதா குறுக்கே வந்தாள். "இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? உங்ககிட்டேர்ந்து போனது அந்தோஃபகஸ்தாக் கடல். எழுநூறு கிலோமீட்டர் தெற்கே. இது எங்ககிட்டேர்ந்து போன கடல். நான் அனுமதி தர்றேன், நடங்க."

"பெருவுக்கு இங்க அனுமதி குடுக்கற வேலை இல்லை," என்றார் நிபால்தோ.

"வரைபடம் எனக்குத் தெரியும் அம்மா," என்றார் காசிமிரோ. "அரிக்கா ஒருநாளும் எங்களது இல்லை. ஆனா நான் சத்தியம் பண்ணினப்ப அந்தோஃபகஸ்தான்னு சொல்லலை. கடல்னு சொன்னேன். இப்ப எனக்குத் தேவைப்படுதுன்னு நடுவுல ஊர் பேரைச் சொருகினா, நானும் ஒப்பந்தத்தை மீறினவன் ஆயிடுவேன். சம்பந்தி அதையும் ஒரு பாடமா வெச்சுடுவாரு."

நிபால்தோ மறுக்கவில்லை.

ரொக்சானா அப்பாவை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். "இந்த வழக்கம் எனக்கு ஆறு மாசமாத் தெரியும்ப்பா. சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருப்பேன். கரை வரைக்கும்."

"கரையிலேர்ந்து படகு இருபது அடி. அந்த இருபது அடிக்கு நான் யார் கையைப் பிடிக்கறது? யெர்கோவோட சித்தப்பா வர்றேங்கறாரு. எனக்கு வேண்டாம். நீங்க வரலைன்னா நான் மணல்லயே நிக்கறேன். நானும் உங்க பொண்ணுதான், எனக்கும் சத்தியம் பண்ணத் தெரியும்."

காசிமிரோவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிடிவாதத்தில் பெண் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரையில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். நீலப் படகு இருபதடி தள்ளி ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே யெர்கோ கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டும் இறுக்கிக்கொண்டும் இருந்தான். நிபால்தோ படகின் முனையில். அவருடைய தம்பிகள் நால்வரும், பொலிவியாக்காரர் வருவாரா மாட்டாரா என்று ஆளுக்கு ஒரு பீர் பந்தயம் கட்டியிருந்தார்கள். மலைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் பயம், அதை மறைக்கத்தான் சத்தியம் என்பது மூத்தவரின் ஆராய்ச்சி.

படகுக் கொட்டகையிலிருந்து காசிமிரோ வெளியே வந்தார். மேலே பொலிவியக் கடற்படையின் வெள்ளைச் சீருடை, நெஞ்சில் மூன்று பதக்கங்கள், தலையில் தொப்பி. கீழே தொடைவரை ஏறும் கறுப்பு ரப்பர் பூட்ஸ், நிபால்தோ மீன் இறக்கப் போட்டுக்கொள்வது. பின்னால் சொராயிதா கேனைத் தூக்க முடியாமல் தூக்கிவந்தாள்.

ஈர மணலில் வந்து அவர் விறைப்பாக நின்றார். "ஊத்துங்க அம்மா."

சொராயிதா கேனைச் சாய்த்தாள். வலது பூட்ஸில் முக்கால்வாசி, இடது பூட்ஸில் முக்கால்வாசி. டிட்டிகாக்காவின் தண்ணீர் ஓர் இரவு காரில் கிடந்தும் குளிர் குறையாமல் இருந்தது. அவர் மீசை மட்டும் லேசாக நடுங்கியது.

"என்ன பண்றாரு இவரு?" என்றார் மூத்த தம்பி.

"நடக்கப்போறாரு," என்றாள் சொராயிதா. "கால் பொலிவியாவுல இருக்கும். பூட்ஸ் சிலியோடது. கடல் எங்களோடது. யாருக்கும் நஷ்டமில்லை."

காசிமிரோ மகளுக்குக் கையை நீட்டினார். ரொக்சானா வெள்ளைப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தாள். இருவரும் இறங்கினார்கள்.

ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸ் 'களக்', 'களக்' என்றது. அறுபது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு எல்லாம் இருந்தும் சிரிப்பு வரவில்லை. அவர் தலை அப்படி நிமிர்ந்திருந்தது. நூற்று முப்பத்தொன்பது வருஷமாக ஏரிக்கரையில் நடந்து பழகிய அணிவகுப்பு முழுவதும், கடைசியில் ஓர் இருபதடித் தண்ணீருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. நிபால்தோ தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

காசிமிரோ எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தார். தண்ணீர் முழங்கால், பூட்ஸ் தொடை, நடுவில் ஒரு சாண் பாதுகாப்பு. கூட்டாமல் விட்டது அலையை. முப்பத்தொரு வருஷம் ஏரியில் இருந்த மாலுமி மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

படகுக்கு இரண்டடி இருக்கும்போது அது வந்தது. பெரிய அலையெல்லாம் இல்லை. இடுப்பளவு எழுந்து, சாவகாசமாகப் பூட்ஸின் வாய்க்கு மேலே ஏறி, இரண்டு பக்கமும் உள்ளே இறங்கியது. காசிமிரோ அசையவில்லை. முதலில் மகளைத் தூக்கினார். நிபால்தோ கைகொடுத்தார். ரொக்சானா படகில் ஏறினாள். யெர்கோ அவளைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் நிபால்தோ மெதுவாகச் சொன்னார். "சம்பந்தி. உள்ள போயிடுச்சு."

"தெரியுது." காசிமிரோ கால் விரல்களை அசைத்துப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. "நான் அதுக்குள்ள போகலை. பூட்ஸுக்குள்ள பொலிவியாத் தண்ணி. அதுகிட்ட இதுவா வந்துச்சு. எங்க சத்தியம் என்ன? கடல் எங்ககிட்டத் திரும்பி வர்ற வரைக்கும். வந்துடுச்சு."

"சிலி எதையும் திருப்பிக் குடுக்கலை," என்றார் நிபால்தோ, தம்பிகளுக்கும் கேட்கும்படி. "அதை எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க."

"சிலி எங்க குடுத்துச்சு?" கரையிலிருந்து சொராயிதா. "குடுத்தது பெரு."

காசிமிரோ கரைக்குத் திரும்பினார். பூட்ஸைக் கொட்டவிடவில்லை. உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உருவி, பூட்ஸில் இருந்ததைக் கேன் கொள்ளும்வரை ஊற்றச் சொல்லி, மூடியைத் தன் கையாலேயே திருகினார். கேன் விளிம்புவரை நிறைந்திருந்தது. பந்தயத்தில் தோற்ற மூத்த தம்பி பீரை அவரிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை எல்லையில் சிலி அதிகாரிகள் கேனைக் கண்டுகொள்ளவில்லை. நாட்டைவிட்டு வெளியே போகிறதுதானே. பொலிவியப் பக்கத்தில் சுங்கத்துப் பையன் ஒருவன் நிறுத்தினான். காசிமிரோ படிவத்தை நீட்டினார். 'கடல், 20 லி.' என்று எழுதியிருந்தது. 'வந்த நாடு' என்ற கட்டத்தில் 'பொலிவியா' என்றிருந்தது.

பையன் மூடியைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்று வணக்கம் வைத்தான். காசிமிரோவும் வைத்தார்.

"ஐயா, இதுக்கு வரி எவ்வளவுன்னு பட்டியல்ல இல்லையே," என்றான் பையன், பக்கங்களைப் புரட்டிக்கொண்டே.

காசிமிரோ கேனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"எவ்வளவு வேணாலும் போடு தம்பி. பத்து காசு மட்டும் வேண்டாம்."