கண்ணாடியில் ஓடி வருகிறவன்

வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் வம்பு செய்தது. முழங்கையில் மடங்கியபடியே விறைத்துவிட்ட கையை எந்தப் பக்கமாக நுழைப்பது என்று தெரியாமல் மகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காக்கிச் சட்டை. வண்டி ஓட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் அப்பா அதைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார், நாளைக்கே யாரோ வந்து சாவியைக் கையில் கொடுத்துவிடப் போகிற மாதிரி.

“முதுகுப் பக்கம் கிழிச்சிடு,” என்றாள் அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

“நல்ல சட்டைம்மா.”

“படுத்திருக்கிறவரோட முதுகை யாருடி பாக்கப் போறா? ஸ்டியரிங் பிடிச்ச கை அது, எங்க நீளப் போகுது. கிழி.”

கத்தரிக்கோலை எடுத்துக் காலரிலிருந்து கீழே வரை கிழித்தாள். அந்தச் சத்தம் மட்டும் அவளுக்குப் பொறுக்கவில்லை. விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் போனபோது அழாதவள், சட்டை கிழிந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினவர். அவரைப் போல ஒரு டிரைவரை அந்தப் பள்ளிக்கூடமும் பார்த்ததில்லை, மற்ற டிரைவர்களும் பார்த்ததில்லை. வண்டியைக் கிளப்புவதற்கு முன் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். எல்லோரும் பார்ப்பார்கள், அதில் என்ன இருக்கிறது? அவர் கிளம்பின பிறகும் பார்ப்பார். தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போவார். பின்னால் யாராவது ஓடி வந்தால் போதும், உடனே நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மட்டும் ஆயிற்றா? வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஓடி வருகிற பிள்ளையின் காலடியில் கொண்டுபோய் நிறுத்துவார். “ஓடி வந்த புள்ளைய இன்னும் ஓட வைக்கக் கூடாது.” இதுதான் அவர் சட்டம். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரிவர்ஸ். ஒருநாள் கடையில் செருப்பைத் திருடிக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தவனுக்கும் நிறுத்தி ஏற்றிக்கொண்டுவிட்டார். துரத்தி வந்தவர்கள் பின்னால் நின்று கத்த, “அவங்களும் ஏறணுமா?” என்று திருடனையே கேட்டாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்த வீட்டில் எத்தனை முறை சிரித்திருப்பார்கள்!

இன்று விடியற்காலை ஆஸ்பத்திரியிலும் அவருக்குப் பின்னால் ஓடி வருகிறவர்கள் நினைப்புத்தான். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. “பின்னாடி பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்பா. யாரும் இல்ல,” என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“சின்னவனுக்குச் சொன்னியா?” என்று அம்மா இப்போது கேட்டாள்.

மகள் அப்பாவின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். “எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

“நான் எல்லாரையும் கேக்கல. என் புள்ளையக் கேட்டேன்.”

மகள் அடுத்த பொத்தானைப் போட்டாள். அம்மாவும் மறுபடி கேட்கவில்லை. இந்த வீட்டில் தம்பி பேச்சு வந்தால் இப்படித்தான், பாதியிலேயே நின்றுவிடும்.

தம்பி சினிமாவில் வேலை பார்க்கிறவன். எடுத்த படத்தை வெட்டி ஒட்டுகிற இடத்தில் உதவியாள். அவனுக்கு அந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணமே அப்பாதான். அப்பா வளர்ந்தது அநாதை இல்லத்தில். அங்கே அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு படம் எடுத்தார்கள். பெற்றவள் ஒருத்தி பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டுப் போகிற கதை. அதில் ஒரு காட்சியில், போகிற காருக்குப் பின்னால் ஒரு பையன் ஓடி வருவான். கேமரா காருக்குள் இருக்கும். பையன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்து, ஓட முடியாமல் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சின்னதாகிச் சின்னதாகிப் புள்ளியாகிவிடுவான். படம் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். ஓடினவன் பெயர்தான் யாருக்கும் தெரியாது. அது அப்பா. ‘எங்க அப்பா படத்துல நடிச்சவர்’ என்று பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்ட காலம் உண்டு. அப்பா மட்டும் அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. டிவியில் போட்டால் வண்டியைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்தைப் புதுசாகச் சுத்தம் செய்து ஓர் அரங்கில் போட்டார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா வெளியே போகலாம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டான். விளக்கு அணைந்தது. அந்த இடம் வந்தது. படம் முடிந்ததும் அவரை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். “அந்த வயசுல எப்படி சார் அப்படி நடிச்சீங்க?” என்று கேட்டது ஒரு பெண்.

“நடிக்கலை,” என்றார் அப்பா. மைக் கையிலிருந்து விழுந்தது. பேன்ட் நனைந்துவிட்டிருந்தது. மேடை வெளிச்சத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காக்காரி ஆடித் தீர்த்துவிட்டாள். “பெத்த அப்பனைக் கூட்டிட்டுப் போய் நாலு பேர் கைதட்ட வித்துட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத!” தம்பி பையை எடுத்துக்கொண்டு போனான். அப்பா அறைக்குள்ளிருந்து, “அவன் சாப்டானா?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அவ்வப்போது, “அவன் வரலையா?” என்பார். “வேலையா இருக்கான்பா,” என்பாள் இவள். அவன் போன் செய்தால் எடுக்க மாட்டாள் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

பதினொரு மணிக்குக் கட்டை வந்தார். அப்பாவோடு இல்லத்தில் வளர்ந்தவர். ஆள் குள்ளம், அதனால் கட்டை. பெற்றவள் வைத்த பெயர் என்ன என்று அவருக்கே தெரியாது என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் நின்று கன்னத்தை ஒருமுறை தட்டினார். “என்னடா ரிவர்ஸ், என்னை விட்டுட்டுக் கெளம்பிட்டியா?” என்றவர், சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுது முடித்ததும் அம்மா அவரிடம் தன் போனை நீட்டினாள். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. என் புள்ளைக்குப் போட்டுக் கொடுங்க.”

மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். தடுக்கவில்லை. கட்டை வாசலில் நின்று பேசிவிட்டு வந்தார். “புறப்பட்டுட்டான். பஸ் ஏறிட்டானாம். மூணு மணிக்குள்ள வந்துடுவேங்கிறான். கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லி அழறான்மா.”

“ரெண்டரைக்கு வண்டி கெளம்பணும் மாமா. மயானத்துல நேரம் கொடுத்துட்டாங்க. மாத்த முடியாது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மின்மயானத்துக்காரர் காலையிலேயே சொல்லியிருந்தார்: “இன்னிக்கு உங்களைத் தவிர யாரும் இல்லைம்மா. அஞ்சு மணி வரைக்கும் எப்ப வேணா கொண்டாங்க.” அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் வர வேண்டாம். வந்து இந்தக் கூடத்தில் நின்று அழுதால், ஆறு வருஷமும் அவள் பிடித்த பிடிவாதத்துக்கு என்ன அர்த்தம்? அப்பாவுக்கு மலம் அள்ளினது யார்? மாத்திரை கொடுத்தது யார்? கடைசி நாளில் ஓடி வந்து மகன் என்று நிற்பானாம்.

கட்டை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கு நடந்தது உனக்குத் தெரியுமாம்மா? உங்கப்பன் சொல்லியிருக்க மாட்டான்.”

“எந்த அன்னிக்கு?”

“படம் எடுத்த அன்னிக்கு. அது படம்னு எங்களுக்கு யாருமே சொல்லல. இன்னிக்கு ஒரு அம்மா வரப் போறாங்க, எல்லாரும் குளிச்சு ரெடியா நில்லுங்கன்னு வார்டன் சொன்னாங்க. எங்களுக்கு என்ன தெரியும்? அம்மா வராங்கன்னா, யாரையோ கூட்டிட்டுப் போகத்தானே வராங்க! நான் தண்ணியத் தொட்டுத் தொட்டுத் தலை சீவினேன். ஒருத்தன் பல்லு தெரியச் சிரிச்சுப் பழகிட்டு இருந்தான். கார் வந்துச்சு. அந்த நடிகை எறங்கி வந்து வரிசைல நின்ன எங்களைப் பாத்தா. உங்கப்பனுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. தன் முந்தானையால தொடச்சு விட்டா. அவ்வளவுதான். அதுல இவன் முடிவு பண்ணிட்டான், தன்னைத்தான் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்னு. அப்புறம் என்னென்னவோ பண்ணாங்க. வெளியிலேர்ந்து கூட்டிட்டு வந்த பையனை வாசல் கேட்டுல நிக்க வெச்சு அழ வெச்சாங்க. அவ கார்ல ஏறினா. கார் கெளம்பிடுச்சு. என்னை மறந்துட்டுப் போறாடான்னு சொல்லிட்டு இவன் ஓடினான். கார்ல இருந்த கேமரால அது விழுந்துடுச்சு, அதையே படத்துல வெச்சுட்டாங்க.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரிசையைக் கலைச்சதுக்கு ராத்திரி வார்டன் கிட்ட நல்ல அடி. அப்பக்கூட அவன் அந்தப் பொம்பளையக் குறை சொல்லல. அவ முன்னாடி பாத்து உக்காந்திருந்தா, அவளுக்குத் தெரியாதுன்னான். ஆனா அந்த டிரைவர் கண்ணாடில என்னைப் பாத்தான்டா கட்டை, நல்லாப் பாத்தான், பாத்துட்டும் போயிட்டான்னு சொல்லிச் சொல்லி அழுதான். எத்தனை நாள் சொன்னான் தெரியுமா? நாங்க தூங்கவே முடியாது.”

அவர் எழுந்து போனார்.

இரண்டரைக்குச் சவ ஊர்தி வந்தது. மற்றவர்கள் முன்னாலேயே கிளம்பி மயானத்துக்குப் போய்விட்டார்கள். அப்பாவை ஏற்றினார்கள். பின்னால் அம்மாவும் கட்டையும் உட்கார்ந்தார்கள். அங்கே வெளியே தெரியாதபடி கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினாள். முன் சீட்டு நீளமானது, மூன்று பேர் உட்காரலாம். தன் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“போலாமாம்மா?” என்றார் டிரைவர்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஒரு பத்து நிமிஷம் பாக்கலாமேடி.”

“நேரம் ஆச்சும்மா. எடுங்க.”

வண்டி நகர்ந்தது. தெரு நீளமான தெரு. சின்ன வயசிலிருந்து வேனில் முன்னால் உட்கார்ந்து போன பழக்கம், அவள் கண் தானாகவே பக்கக் கண்ணாடிக்குப் போயிற்று. வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நிற்பது தெரிந்தது. அதிலிருந்து குதித்தவன் வாசலைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், ஓட ஆரம்பித்தான். தோளில் பை. அது அவன் இடுப்பில் அடித்து அடித்துத் துள்ளியது. தம்பிக்குத் தொப்பை விழுந்திருந்தது. முன்தலையில் முடி இல்லை. ஓட்டம் மட்டும் அதே ஓட்டம், காலை அகட்டி அகட்டி.

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டிரைவர் தெருவில் படுத்திருந்த நாயைச் சுற்றி வண்டியை ஒடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. பார்த்தது அவள் மட்டும்தான். அவன் கையை உயர்த்தினான். வாய் திறந்து ஏதோ கத்தினான், சத்தம் உள்ளே வரவில்லை. நாயைத் தாண்டியதும் வண்டி வேகம் எடுத்தது. அவன் சின்னதானான். கடைசியில் முடியாமல் நின்றான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். இன்னும் சின்னதானான்.

விடியற்காலையில் அப்பாவிடம் சொன்னது அவள் காதில் கேட்டது. பாத்தேன்பா, யாரும் இல்ல.

“நிறுத்துங்க!”

போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தே விட்டார். “என்னம்மா?”

“பின்னாடி என் தம்பி.”

டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். “அட, ஆமா. கை காட்டுங்கம்மா, ஓடி வரட்டும்.”

ஆனால் அவன் வரவில்லை. வண்டி நின்றதைப் பார்த்தான், நிமிர்ந்தான், அங்கேயே நின்றான். வாசப்படியை மிதிக்காதே என்றவள் உட்கார்ந்திருக்கிற வண்டி. தனக்காகத்தான் நின்றது என்று எப்படி நம்புவான்?

“ரிவர்ஸ் எடுங்க,” என்றாள்.

“இந்த வண்டிய எடுத்தா எடுத்ததுதாம்மா, பின்னாடி எடுக்க மாட்டோம். நல்லதில்லைன்னு ஒரு பேச்சு இருக்கு. கூப்பிட்டா நடந்து வந்துடப் போறாரு, அவ்வளவுதானே?”

“அண்ணே, ஓடி வந்தவங்கள இன்னும் ஓட வைக்கக் கூடாது. எடுங்க.”

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். கியரை மாற்றினார். வண்டிக்கு அடியிலிருந்து கீங் கீங் என்று சத்தம் கிளம்பியது. தெருவில் ஒன்றிரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னடி, வண்டி பின்னால போகுது?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

கண்ணாடியில் தம்பி பெரிதாகிக்கொண்டே வந்தான். வியர்வையில் ஒட்டிய சட்டை தெரிந்தது. ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது தெரிந்தது. பிறகு முகமே தெரிந்தது. அவள் சீட்டில் நகர்ந்து, பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.