எழுத்தில்லாத அம்பு

கல்லூரி எலெக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடி வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் வரைந்திருந்த ஒரு வட்டத்துக்குள் ஏணியைப் போட்டு ட்யூப்லைட் மாற்றினார். வெள்ளிக்கிழமை மதியம் வரை அதிலிருந்து அவரால் வெளியே வர முடியவில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் சின்ன வாய்பாட்டைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் எழுத்துவரிசையை மட்டும் கடக்கவிடும் ஆட்டோமேட்டா என்ற படத்தைக் கட்டச் சொல்லித்தரும் வகுப்பு அது. வட்டங்களும் அம்புகளும்தான் படம். கரும்பலகை போதாததால் ஆசிரியை தரையில் வரையச் சொன்னாள். முதல் வட்டத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். அம்பின் மேலுள்ள எழுத்தை வாய்விட்டுச் சொன்னால் அடுத்ததற்குப் போகலாம். இரட்டைக் கோடு போட்ட வட்டத்திலிருந்து மட்டுமே வெளியேறலாம். இது ஏன் இப்படி என்று முதல் வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். பிறகு பாடம் ஓடியது.

அந்தப் படத்தைப் போட்டவள், எல்லாத் தேர்விலும் நூற்றுக்கு நூறு வாங்கி சென்டம் என்றே பெயர் பெற்ற மாணவி. வாய்பாடு எளியது: அ என்ற எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், ஒருமுறைகூடச் சொல்லாமலும் இருக்கலாம். சென்டம் இரண்டு வட்டம் போட்டு, நடுவே அ என்று ஓர் அம்பு இழுத்து, இரட்டைக் கோடு போட்ட இரண்டாவது வட்டத்தில், அதற்கே திரும்பும் இன்னொரு அ அம்பைச் சுழல விட்டிருந்தாள். ஆசிரியை உள்ளே இறங்கி ஒரு அ சொன்னாள், வெளியே வந்தாள். மூன்று அ சொன்னாள், அப்போதும் வந்தாள். சரி என்று குறி போட்டாள். எலெக்ட்ரீஷியனுக்கோ தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, இரண்டு வருஷமாகக் குரல் இல்லை.

அவர் அ என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். வட்டத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்தும் கால் கோட்டைத் தாண்டவில்லை. ஈரத்துணிக்கும் கோடு அழியவில்லை. ஆசிரியை தன் கையால் ஓர் அம்பு வரைந்தாள்; பொடியாக உதிர்ந்தது. சென்டத்தைக் கூப்பிட்டு எங்கே வரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக் கேட்டு வரைந்த கோடும் உதிர்ந்தது. பாயும் திரையும் வாளியும் உள்ளே போயின, வேளாவேளைக்குச் சாப்பாடும் போனது. சனிக்கிழமை தரையை உடைப்பதென்று முதல்வர் முடிவெடுத்தார். கட்டட மேஸ்திரி பார்த்துவிட்டு, உடைத்தால் ஆளும் சேர்ந்து கீழ் மாடிக்குப் போவார் என்றார்.

குறி போட்ட கை தன்னுடையது என்பதால் ஆசிரியைக்கு மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. ஆனால் சொல்லித்தரத் தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சென்டம் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

"என் படம் சரிதான் மேம். அ சொன்னா வெளிய வரலாம். அவர் சொல்லல."

"சரி, நீ உள்ள போய் அவர் பக்கத்துல உக்காரு. வாயத் திறக்காத."

சென்டம் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. எலெக்ட்ரீஷியன் பாயின் பாதியை அவளுக்கு நகர்த்திக் கொடுத்தார். அப்போது மாற்றுத்துணி கொண்டுவந்த அவர் மனைவி, பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மேடம், பேசாதவங்க வெளிய வர்றதுக்கு இந்தப் பாடத்துல வழியே கிடையாதா?"

ஆசிரியை சென்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடச் சொல்லாமலும் என்று வகுப்புதோறும் ஒப்பித்த வாயைக் கையால் மூடிக்கொண்டு சென்டம் பக்கத்திலிருந்த மனிதரைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, முதல் வட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஓர் அம்பு இழுத்தாள். அதன் மேல் எதுவும் எழுதவில்லை. கோடு நின்றது. எலெக்ட்ரீஷியன் செருப்பை மாட்டிக்கொண்டு, ஏணியைத் தோளில் போட்டு, இரட்டை வட்டம் வழியாக நடந்து வெளியே வந்தார். அவர் மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். சென்டமும் பேசாமலே வந்தாள்.

இப்போதெல்லாம் எந்தப் படத்துக்கும் குறி போடுமுன் ஆசிரியை அதில் இறங்கி, முதலில் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறாள். எழுத்து கேட்கிற வாய்பாடு என்றால் பிறகு அதைச் சொல்லிவிட்டு வருகிறாள். மாணவர் தப்பாகப் போட்டிருந்தால், அவருக்குப் புரிகிற வரை அங்கேயே நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்துகிறாள். அலுவலகத்தில் அதை வேலை நேரமாகவே எழுதிக்கொள்கிறார்கள்.