நாற்பத்தேழாம் கதிர்

எங்கள் நூல் மில்லில் என் தங்கை பார்க்கிற எந்திரத்தில், நூலை முறுக்கிச் சுற்றுகிற நாற்பத்தேழாம் கதிர் துள்ளுகிறது, அதனால்தான் இழை அறுகிறது என்று மூன்று மாதமாகக் கத்தினேன். மேஸ்திரி ஹாலோவேயின் காதில் ஏறினால்தானே! “உன் தங்கச்சிக்கு முரட்டுக் கை” என்று சொல்லி, போன வெள்ளிக்கிழமை அல்பெர்ட்டினை வேலையை விட்டே நிறுத்திவிட்டான். பதினான்கு வயதிலிருந்து இழை ஒட்டுகிற கை அது.

திங்களன்று பாஸ்டனிலிருந்து விட்கம் என்ற காலேஜ்க்காரர் வந்தார். மின்னல் மாதிரி வெட்டுகிற ஒரு விளக்கு, ஒரு கேமரா. கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை நடக்கிறதையும் நிறுத்திக் காட்டுமாம். அல்பெர்ட்டின் இடத்துக்கு வந்த புதுப்பெண் வெளிச்சத்துக்குப் பயந்ததால், அங்கே என்னை நிறுத்தினார்கள். இருபது படம் எடுத்தார், பத்தொன்பது வீண்.

புதன்கிழமை அந்த ஒன்றைக் கொண்டுவந்தார். ஓடும்போது புகையாகத் தெரிகிற கதிர், படத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. இழை அறுந்துவிட்டது. என் கை இன்னும் ஒரு சாண் தள்ளியே இருக்கிறது.

“அடேங்கப்பா! கதிர்தான் வளைஞ்சிருக்கு! என்னா விளக்கு சார் இது!” என்றான் மேஸ்திரி.

நான் சொன்னால் புலம்பல், விளக்கு சொன்னால் வேதமா?

“இதைத்தானே மேஸ்திரி மூணு மாசமா சொல்றேன்?”

“சொன்னே. கண்ணால பாத்தியா?”

“உங்க பல்வலிய நீங்க கண்ணாலயா பாக்கறீங்க? சரி, தங்கச்சிய எப்ப வரச் சொல்லட்டும்?”

“அவ எடத்துக்குத்தான் ஆள் போட்டாச்சே. படம் எந்திரத்தப் பத்தினது, ஸெலியா. உன் தங்கச்சி அதுல எங்க இருக்கா?”

மனுஷன்தானா இவன்! வளைந்த கதிரை அன்றே மாற்றினான். வளையாத பெண்ணைத் தெருவிலேயே விட்டுவிட்டான்.

மத்தியானம் விட்கம் மறுபடி விளக்கை நிறுத்தினார். “புதுக் கதிரோட ஒரு படம் வேணும்மா. அதே மாதிரி கைய வை.”

நான் இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டேன். “என் கை வராது சார். அல்பெர்ட்டின் கையக் கூப்பிடுங்க.”

“திமிரப் பாரு!” என்று மேஸ்திரி பக்கத்து ரோசான்னாவைக் கூப்பிட்டான். அவளும் கையை மறைத்தாள். அடுத்தவளும். பயந்த புதுப்பெண்கூட. வரிசை முழுக்கப் பார்த்தான், படத்துக்கு ஒரு கை கிடைக்கவில்லை.

விட்கம் கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

“எந்தத் தெருடி உங்க வீடு?”