சித்தப்பா ஓட்டிய பஸ்

உலகப்புகழ் பெற்ற அந்த ராக் இசைக்குழுவை உருவாக்கியவர் என் சித்தப்பா. அவர்களுடைய சுற்றுப்பயண பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவர் அவர்தான். அவர்கள் சும்மா பாடினார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பயணங்களைப் பற்றிய ஆவணப்படம் டிவியில் வந்தபோது சொந்தபந்தமெல்லாம் எங்கள் வீட்டில் கூடிவிட்டது. படத்தில் பஸ் வந்தது. ரசிகர்கள் கையாட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

"கூறுகெட்டதுங்க. கண்ணாடிக்குள்ள யாருன்னே தெரியல, எவனுக்குடா கையாட்டுறீங்க?" என்றார் சித்தப்பா.

"நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டாள் சித்தி.

"இருடி. படம் எடுத்தவன் எங்கிட்ட பேட்டியே எடுத்துட்டுப் போயிருக்கான்."

கிடார் பெட்டி தூக்கியவர் வந்தார். பாடகரின் நாய்கூட இரண்டு தடவை வந்தது. சித்தப்பா வரவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

கடைசிக் காட்சியில் பஸ் கிளம்பியது. முன்கண்ணாடியில் வெயில் அடித்ததில் ஓட்டுநர் தெரியவில்லை.

சித்தப்பா மெதுவாகக் கையைத் தூக்கி ஆட்டினார்.