சாட்சிக்கு ரெண்டு ஆம்பளை

“சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்பு. இன்னிக்கு நீதான் ஆம்பளை,” என்றாள் தங்கை.

லாட்ஜ் கட்டிலில் கால்நீட்டிப் படுத்திருந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. “ஏன், நேத்து வரைக்கும் நான் என்னவா இருந்தேன்?”

“தண்டச்சோறு. எழுந்திரு.”

வாய்தான் விளையாடியது. மகளின் தலையை வாரிக்கொண்டிருந்த கை விளையாடவில்லை. சீப்பை அழுத்திய வேகத்தில் எட்டு வயதுக் குட்டி, “அம்மா, அது முடி, புல்லு இல்ல,” என்று கத்தினாள்.

அவள் பஸ் டிரைவர். பதினோரு வருஷமாகப் பெரிய பஸ் ஓட்டுகிறாள். ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்ததில்லை. இந்த ஊர் டிப்போவுக்கு மாற்றல் வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். டிப்போவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் காலி இருந்தது. வாடகை ஒப்பந்தமும் வீட்டு வரி ரசீதும் திங்கட்கிழமை காலை மேஜைக்கு வந்தால் இடம் குட்டிக்கு, வராவிட்டால் அடுத்த பிள்ளைக்கு என்று அங்கிருந்த குமாஸ்தா கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு தாளிலும் வீட்டுச் சொந்தக்காரர் பேர் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

இடம் போனால் குட்டி மாமியார் வீட்டில்தான் இருக்க வேண்டும். “நீ ஊர் ஊரா ஓட்டிக்கிட்டுத் திரி, பிள்ளையை என்கிட்ட விட்டுடு,” என்று மாமியார் எப்போதோ பாய் விரித்து வைத்திருந்தாள். அவள் மகன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம். இருக்கும் இடம் பெற்றவளுக்கே தெரியாது. பிள்ளையைத் தொலைத்தவளுக்குப் பேத்தி மேல் மட்டும் உரிமை குறையவில்லை. அங்கே விட்டால் திரும்பி வாங்க முடியாது என்பது டிரைவருக்குத் தெரியும்.

அண்ணனை எல்லோரும் மேனேஜர் என்று கூப்பிடுவார்கள். எப்போதோ ஒரு சைக்கிள் நிறுத்தத்தில் நாற்பது நாள் டோக்கன் கொடுத்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்த நாற்பது நாளில் ஒட்டிக்கொண்ட பேர். அதற்கப்புறம் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தங்கை விடியுமுன் வேலைக்குப் போனால், குட்டியை எழுப்பி, பல் தேய்க்கவைத்து, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவன்தான். அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

வீடு தேடும் வேலையில் மட்டும் அவன் சேரவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாதாம்.

மூன்று நாளாகத் தங்கையும் குட்டியும்தான் தரகரின் பின்னால் அலைந்தார்கள். அந்தத் தரகருக்கு அஞ்சு நிமிஷம் என்றே பேர். எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார். தரகன் வாயும் தண்ணீரில் எழுதிய எழுத்தும் ஒன்று என்று தெரிந்தும், வீடு வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் ஊர்க் கோடியில் ஒரு குடியிருப்பு. வாடகை கேட்டதும் மனசு குளிர்ந்தது. மூன்று அறை, மொட்டை மாடி.

“டிப்போ எவ்வளவு தூரம்?”

“அஞ்சு நிமிஷம். வாசல்லயே பஸ்.”

“முதல் பஸ் எத்தனை மணிக்கு?”

“விடிகாலை அஞ்சே காலுக்கு டாண்ணு வரும்மா. ஒரு நாளும் லேட் ஆனதில்ல.”

“அந்த பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வரப்போறதே நான்தான். நான் டிப்போவுக்கு எதுல போறது?”

தரகர் தலையைச் சொறிந்தார். ஊருக்கெல்லாம் பஸ் விடுகிறவள் நடந்து போகும் தூரத்தில்தான் வீடு பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கில் இல்லை.

இரண்டாம் நாள் கால்வாய் ஓரம். நடக்கிற தூரம்தான், வாடகையும் கட்டுபடியாகும். சுவர் புதுப் பெயிண்டில் பளபளத்தது. புதுப் பெயிண்டைக் கண்டால் கையை வைத்துப் பார்க்கிறவன் பிழைப்பான். டிரைவர் கையை வைக்கவில்லை, கண்ணை வைத்தாள். மின்சார பிளக் எல்லாம் தலைக்கு மேல் இருந்தது.

“இது ஏன் இவ்வளவு உசரத்துல?”

“குழந்தைங்க கை படக்கூடாதுன்னுதாம்மா. பாதுகாப்பு!”

பக்கத்து வீட்டைக் குட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “அம்மா, அங்க ஃப்ரிட்ஜ் மேஜை மேல நிக்குது. அதுவும் குழந்தை கை படக்கூடாதுன்னா?”

தரகர் கால்வாய்த் தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அது தானாக வந்து பேசிவிட்டுப் போகும் போல.

மூன்றாம் நாள் மார்க்கெட் பக்கம். நல்ல வீடு. வீட்டுச் சொந்தக்காரர் கதவைப் பாதி திறந்து, தாயையும் மகளையும் பார்த்து, அவர்களுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தையும் பார்த்தார். “ஆம்பளை யாரும் வரலையா?” இல்லை என்றதும் கதவும் இல்லை என்று ஆகிவிட்டது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏறும் பஸ்ஸை ஓட்டுவது யார் என்று எந்த மனுஷனும் கேட்பதில்லை. தன் உயிரை நம்பி ஒப்படைப்பான். இரண்டு அறையை ஒப்படைக்க மாட்டான்.

அதனால்தான் நாலாம் நாள், சனிக்கிழமை, மேனேஜர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

டிப்போவுக்குப் பின் தெருவில், எட்டு நிமிஷ நடையில் இருந்தது அந்த வீடு. யார் வருகிறார்கள், என்ன வேலை என்று தரகர் முன்பே சொல்லி வைத்திருந்தார். கீழே சொந்தக்காரர் குடும்பம், மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. வாடகை அவளுக்குக் கட்டுபடியாகும். மாடிச் சன்னலில் நின்றால் பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. குட்டி அந்தச் சன்னல் கம்பியைப் பிடித்தவள் விடவில்லை.

சொந்தக்காரர் எடை ஆபீஸில் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவர். தெருவில் முத்திரை ஐயா என்றார்கள். கீழ்க் கூடத்தில் மேனேஜரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டிரைவரை ஒன்றும் சொல்லவில்லை. அவளாக ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“சாருக்கு என்ன உத்தியோகம்?”

“மேனேஜர்,” என்றான் அண்ணன், தொண்டையைச் செருமிக்கொண்டு.

“எங்க?”

“பல இடத்துல.”

முத்திரை ஐயாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆம்பளை சொன்னால் எடை போட்டுப் பார்க்க மாட்டார். அச்சடித்த ஒப்பந்தத் தாளை எடுத்து, அதில் தன் கையால் எழுதிச் சேர்த்திருந்த நிபந்தனைகளைப் படிக்க ஆரம்பித்தார்.

“குடும்பத் தலைவர் கையெழுத்து. அது நீங்க.”

“அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு.”

“உங்க தங்கச்சி காக்கி உடுப்போட தெருவுல நடக்கக் கூடாது. பாக்கறவங்க ஏதோ போலீஸ் வந்துடுச்சுன்னு நினைப்பாங்க.”

“நியாயம்தானே.”

“காலைல ஆறு மணிக்கு முன்னாடி கேட்டைத் திறக்க மாட்டேன். குடும்பம் இருக்கற வீடு.”

“தாராளமா!” என்றான் மேனேஜர். நாற்காலி கொடுத்தவருக்கு அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது.

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயா, நான் நாலரைக்குக் கிளம்பணும். ஆறு மணிக்குள்ள ஒரு தடவை ஊரைச் சுத்தியே வந்திருப்பேன்.”

முத்திரை ஐயா மேனேஜரைப் பார்த்து, “அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். ஏதோ வேற்று பாஷையில் பேசினாற்போல.

“நாலரைக்குக் கிளம்பணுமாம்,” என்று மேனேஜர் எடுத்துச் சொன்னான்.

“அது முடியாதுன்னு சொல்லுங்க.”

“முடியாதாம்,” என்றான் தங்கையிடம். அவள் பார்த்த பார்வையில் அவன் சலவைச் சட்டை கசங்கியது.

வேறு எந்த வீட்டில் இப்படிப் பேசியிருந்தாலும் அவள் எழுந்து போயிருப்பாள். இங்கே எழுந்தால் குட்டி மாமியார் வீட்டுக்கு பஸ் ஏற வேண்டும். அதனால் உட்கார்ந்தபடியே, “சரிங்க, அதை அப்புறம் பேசலாம். பள்ளிக்கூடத்துக்கு வீட்டு வரி ரசீது வேணும்,” என்றாள்.

“யாரங்கே, அந்த ரசீதை எடுத்துட்டு வா!”

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஒரு கையில் டீத் தட்டு, மறு கையில் பிளாஸ்டிக் உறை. தட்டை வைத்தாள். உறையைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்குவதற்குள், “நீங்களேவா பஸ் ஓட்டறீங்க?” என்று டிரைவரிடம் கேட்டாள்.

“நானேதாம்மா.”

“பெரிய பஸ்ஸா?”

“பெரிய பஸ்தான்.”

“திருப்பத்துல பயமா இருக்காது?”

“பயமெல்லாம் பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத்தாம்மா. கையில ஸ்டீயரிங் இருந்தா பயம் வராது.”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. உறையை டிரைவரின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

டிரைவர் ரசீதைப் பிரித்தாள். வண்டி எடுக்குமுன் நேரப் பட்டியலைச் சரி பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. முதல் வரியிலிருந்து படித்தாள். சொந்தக்காரர் பேர் என்ற இடத்தில் ஒரு பெண் பேர் இருந்தது.

“ஐயா, இது யாரு பேரு?”

“அது சும்மா. பொம்பளை பேர்ல பத்திரம் பதிஞ்சா கட்டணம் குறைச்சல். அதுக்காக இவ பேரைப் போட்டேன்.”

“சும்மா இல்ல,” என்றாள் அம்மாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். “என் சங்கிலியும் வளையலும் வித்துத்தான் மனை வாங்கினது.”

“அதை யாரு இப்ப கேட்டா?”

“பள்ளிக்கூடத்துல கேப்பாங்க,” என்றாள் டிரைவர் மெதுவாக. “ரசீதுல இருக்கற பேரும் ஒப்பந்தத்துல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணுமாம். நீங்க கையெழுத்துப் போட்டா செல்லாது. அம்மாதான் போடணும்.”

முத்திரை ஐயா ரசீதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். திருப்பினால் பேர் மாறுமா? முப்பது வருஷமாக வீட்டுக் கதவில் அவர் பேர்ப் பலகைதான் தொங்குகிறது. கட்டணத்தை மிச்சம் பிடிக்கத் தேவைப்பட்ட பேர், கையெழுத்துக்கு இதுவரை தேவைப்படவில்லை.

“சரி, சரி. இங்க வா. நான் காட்டற இடத்துல போடு.”

அம்மாள் வந்தாள். கணவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். “படிச்சுப் பாக்காம எப்படிப் போடறது?”

உட்கார இடமில்லாததைக் கண்டு மேனேஜர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். அன்றைக்கு அவன் செய்த உருப்படியான காரியம் அதுதான். அம்மாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். டீ ஆறிப்போனது. முத்திரை ஐயா கண்ணாடி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு முன் கேட் திறக்காத நிபந்தனையைக் கோடு போட்டு அடித்தாள். “ஒரு சாவி இவகிட்ட இருக்கட்டும்.”

“ஏய், உனக்கு என்ன தெரியும்? ரோட்டுல போறவன் எல்லாம்...”

“வேலைக்குப் போறவ விடியறதுக்கு முன்னாடி எழுந்திருச்சாத்தான் உண்டு. நானும் இத்தனை வருஷமா நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கறேன். அதை எந்தத் தாள்ல எழுதி வச்சீங்க?” காக்கி உடுப்பையும் அடித்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள். “சம்பளம் யாருது?”

“என்னுது,” என்றாள் டிரைவர்.

“அப்ப நீயே எழுதிக்கம்மா.”

டிரைவர் எழுதினாள். அம்மாளும் சொந்தக்காரர் இடத்தில் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, உருட்டி உருட்டிக் கையெழுத்துப் போட்டாள். அச்சடித்த தாளில் பெண்பிள்ளை பேருக்குப் பக்கத்தில் கணவர் பேர் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. முத்திரை ஐயா அதைத் தட்டிக் காட்டினார். டிரைவர் அதில் ஒரு கோடு இழுத்தாள். அம்மாள் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் கட்டத்தில் கணவர் பேரை எழுதினாள். சட்டத்துக்கு விரோதமாக அவள் ஒன்றும் செய்கிறவள் இல்லை.

“சாட்சி ரெண்டு பேர் வேணும்,” என்றாள். “ஆம்பளைங்க ரெண்டு பேரும் சும்மாத்தானே இருக்கீங்க. போடுங்க.”

மேனேஜர் உடனே போட்டான். அவன் எதற்கும் மறுப்புச் சொல்கிறவன் இல்லையே.

முத்திரை ஐயா பேனாவைத் தொடவில்லை. “என் வீட்டுல நான் சாட்சியா?”

“வேண்டாம்னா விடுங்க. எதிர் வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிடறேன். தெருவுக்கே சேதி போயிடும். பரவாயில்லையா?”

அவர் பேனாவை எடுத்தார். கண்ணாடி இல்லாததால் கோடு தாண்டிப் போட்டார்.

அம்மாள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். சாட்சிக்காரர்களுக்குக் கட்டம் எதுவும் அச்சடித்திருக்கவில்லை. ஆம்பளை யாருடைய ஆள் என்று யாரும் கேட்பதில்லை. அவளே ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் போட்டாள். மேனேஜரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘குடித்தனக்காரியின் அண்ணன்’ என்று எழுதினாள். அடுத்த கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘சொந்தக்காரியின் கணவர்’ என்று எழுதி, மை காயும்வரை ஊதினாள்.