எருமை வாலும் வெள்ள ஒத்திகையும்

வேலந்திட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலராக மாற்றலாகி வந்தபோது மணிமொழிக்கு நீந்தத் தெரியாது. அவள் வளர்ந்தது பெரம்பலூருக்கு வடக்கே, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மேட்டு நிலத்தில். அங்கே தண்ணீர் என்பது கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய ஒன்று. இங்கே கொள்ளிடம் ஊரை உரசிக்கொண்டு ஓடியது. ஆற்றுக்கும் வெள்ளக் கரைக்கும் நடுவே, படுகையில், அறுபத்திரண்டு வீடுகள் இருந்தன. மேட்டூர் நிரம்பி உபரி நீரைத் திறந்தால் முதலில் நனைவது அந்த வீடுகள்தான்.

ஆனி மாதக் கடைசியில் வெள்ள மீட்பு ஒத்திகை நடத்தும்படி உத்தரவு வந்தது. ஒருவர் ஆற்றில் தவிப்பதுபோல நடிக்க வேண்டும். தீயணைப்பு வீரர்கள் ரப்பர் படகில் வந்து மீட்பார்கள். ஊர் ஜனங்கள் கரையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணிமொழி தலையாரி ஆண்டவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு வர எல்லோரும் தயார். ஆற்றில் தவிக்க ஒருவரும் தயாரில்லை.

கடைசியாகச் செல்லமுத்து வீட்டுக்கு வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது, கத்தரிக்காய்ப் பயிர், ஆறு எருமைகள். அவர் வாயைத் திறக்கும் முன்னே அவர் மனைவி கலியம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏம்மா, ஆடி பொறக்கப் போவுது. எம் புருஷன ஆத்தோட போனவருன்னு மைக்குல சொல்லுவீங்களா? வேற ஆளே கெடைக்கலியா?"

"நடிப்புதாங்க்கா. அஞ்சே நிமிஷம்."

"நடிப்புக்கும் வரல, நெச வெள்ளத்துக்கும் வரல," என்றார் செல்லமுத்து, எருமைக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டே. "நீங்க வேலையப் பாருங்க மேடம்."

தெருமுனைக்கு வந்ததும் ஆண்டவர் குரலைத் தாழ்த்தினார். "அவரு அப்படித்தாங்க. போன தடவை மூணு நாளு மாடியிலயே உக்காந்துட்டாரு. படகு கொண்டுபோனோம், ஏற மாட்டேன்னுட்டாரு. சோத்துப் பொட்டலத்தத் தூக்கிப் போட்டுட்டு வந்தோம்."

"ஏன் வர மாட்டேங்கறாரு?"

"புடிவாதம்," என்றார் ஆண்டவர். அதற்குமேல் அவர் யோசித்ததில்லை.

வேறு வழியில்லாமல், தவிக்கும் ஆளாக மணிமொழியே நடிப்பதென்று முடிவாயிற்று. இடுப்பளவு தண்ணீர், சுற்றிலும் படகு, கயிறு, பயிற்சி பெற்ற ஆட்கள். என்ன ஆகிவிடும்? தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பிய கடிதத்தில் இடம் 'மேலத்துறை' என்று தெளிவாக எழுதியிருந்தாள்.

ஒத்திகை நாளன்று மேகம் மூடியிருந்தது. அவசரமாகக் கரையிலிருந்து இறங்கியவளுக்குக் கிழக்கும் மேற்கும் மாறிப்போயின. வீரர்கள் படகோடு மேலத்துறையில் காத்திருக்க, மணிமொழி கீழத்துறையில் தண்ணீருக்குள் இறங்கினாள். படகு எங்கேயோ மறைவாக நிற்கிறது, ஒலிபெருக்கி ஒலித்ததும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அங்கே இருந்தது செல்லமுத்து மட்டும்தான். எருமைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

சரியாக ஒன்பது மணிக்குத் தூரத்தில் ஒலிபெருக்கி அலறியது. மணிமொழி கையை உயர்த்தி, "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று கத்தினாள். ஒருவரும் வரவில்லை. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டடி பின்னால் வைத்தாள். காலடி மணல் சரிந்தது. தண்ணீர் ஒரே நொடியில் கழுத்துக்கு ஏறியது.

"நல்லா நடிக்கிறீங்க மேடம்," என்றார் செல்லமுத்து, வைக்கோல் பிரியை எருமையின் முதுகில் ஓட்டியபடி.

"நெசமாவேண்ணே!" அடுத்த சொல் வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போயிற்று.

செல்லமுத்து முகம் மாறியது. வைக்கோலை வீசிவிட்டு, பெரிய எருமையின் பிட்டத்தில் ஓங்கித் தட்டி ஆழத்துக்கு விரட்டினார். அது மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல் நீந்தி வந்து அவளைக் கடந்தது.

"வாலைப் புடிங்க! வுட்டுடாதீங்க, வாலைப் புடிங்க!"

மணிமொழி இரண்டு கையாலும் பிடித்தாள். அரை வட்டம் அடித்துக் கரையைப் பார்த்துத் திரும்பிய எருமை அவளைச் சேறும் சகதியுமாகத் துறைப்படியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் காதை உதறியது.

இருமி முடித்து மூச்சு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்ணே, கையக் குடுத்துத் தூக்கியிருக்கலாம்ல?"

செல்லமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கும் அவ்வளவா நீச்சல் வராதுங்க. வெளிய சொல்லிப்புடாதீங்க."

"நீச்சல் தெரியாமலா வெள்ளத்துல மூணு நாளு மாடியில இருந்தீங்க?"

அவர் எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "ரெண்டாயிரத்தஞ்சு வெள்ளத்துல நானும் மேடேறிப் போனவன்தாங்க. மாட்டுக்கு எடமில்ல, மனுஷங்க மட்டும் வாங்கன்னாங்க. போனோம். திரும்பி வந்து பாத்தா மூணு எருமையும் கட்டுன கயித்தோட கெடக்குது. அவுத்து வுட்டிருந்தாலாவது நீஞ்சிப் பொழச்சிருக்கும். அதுலேருந்து நான் போறதில்ல. மாட்ட அவுத்து வுட்டுட்டு மாடியிலேருந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

மணிமொழிக்கு நனைந்த உடம்பு அதற்குப் பிறகுதான் குளிர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளைக் காணாமல் ஒரே களேபரம். ஈரப் புடவையோடு அவள் வந்து நின்றதும், "படகு எங்க மேடம் வந்துச்சு?" என்று ஆண்டவர் கேட்டார். "வால் வச்ச படகு," என்றாள். விஷயம் தெரிந்து தீயணைப்பு வீரர்களே வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தப்பு தன்னுடையதுதான் என்று அவள் மைக்கிலேயே ஒத்துக்கொண்டாள். பிறகு, கலையப் பார்த்த கூட்டத்தை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

"மாட்டுக்காக வூட்டவிட்டு வராம இருந்தவங்க எத்தன பேரு? கை தூக்குங்க."

முதலில் ஒரு கை. பிறகு ஒன்பது. கடைசியில் முப்பத்தொன்று. பிடிவாதக்காரர் செல்லமுத்து ஒருவர்தான் என்று நம்பியிருந்த ஆண்டவர், தன் மனைவியின் கையும் மேலே இருப்பதைக் கண்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

படுகையில் மொத்தம் எண்பத்து மூன்று மாடுகள். கரைக்கு அப்பால், மேட்டில், நெல் கொள்முதல் களம் காலியாகக் கிடந்தது. அறுவடை வரும்வரை அங்கே காகம்தான் உட்காரும். மணிமொழி மனு எழுதி, நான்கு தடவை நடந்து, வெள்ளக் காலத்தில் அதைப் பயன்படுத்த அனுமதி வாங்கினாள். சிமெண்ட் தரையில் முளைக்குச்சி இறங்காது என்பதை அவள் யோசிக்கவில்லை. செல்லமுத்துதான் ஓரத்துக் கல்தூண்களுக்கு நடுவே மூங்கில்களை வரிசையாகக் கட்டச் சொன்னார். மாடுகள் மாறிப்போகாமலிருக்க, கொம்பில் நீல பெயிண்டால் வீட்டுக் கதவு எண்ணை எழுதினார்கள். கொம்பில்லாத கிடாரிகளுக்குக் கழுத்தில் தகரச் சீட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடுகளுக்கும் ஒத்திகை நடந்தது. முதல் தடவை இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஒரு காளை ரேஷன் கடை வரிசையில் புகுந்தது. ஒரு பசு கல்யாண வீட்டு வாழை மரத்தைப் பாதி தின்றுவிட்டது. கொம்பில் நாற்பத்தேழு என்று எழுதிய மாடு, பதினெட்டாம் எண் வீட்டுக்காரரை விடாமல் துரத்தியது. ஆனாலும் ஒன்று தெரிந்தது. செல்லமுத்துவின் பெரிய எருமை முன்னால் நடந்தால் மற்றவை பின்னாலேயே வருகின்றன. அடுத்த வாரம் அதை முன்னால் விட்டார்கள். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் களத்தில் நின்றன.

ஆடிப் பெருக்கு கழிந்த நாலாம் நாள் காலை எட்டு மணிக்குச் செய்தி வந்தது. கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் திறக்கிறார்கள், மாலைக்குள் படுகை முங்கும். ஆண்டவர் மைக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மணிமொழி நேராகச் செல்லமுத்து வீட்டுக்குப் போனாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனாள்.

ஆண்டவரின் மைக் சத்தம் அவளை முந்தியிருந்தது. வீடு பூட்டியிருந்தது. கொட்டகையில் ஒரு கயிறுகூட இல்லை.

கரைமேல் ஏறிப் பார்த்தாள். பெரிய எருமை முன்னால் ஆடி ஆடிப் போக, அதன் பின்னால் ஊர் மாடெல்லாம் நீல எண்களோடு ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன. தலையில் சாக்கு மூட்டையோடு கலியம்மாள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "அங்க என்னம்மா நிக்கிற? தண்ணி வரப்போவுது, ஏறி வா!"

பதினொரு மணிக்குள் படுகையில் ஆளுமில்லை, மாடுமில்லை. மாலையில் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் தெருவில் இடுப்பளவு நின்றது. பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கொதித்தது. களம் பக்கத்திலேயே இருந்ததால் டீக்குப் பால் பஞ்சமில்லை. முகாமைப் பார்வையிட வந்த தாசில்தார் மூன்று டீ குடித்தார்.

இரண்டாம் நாள் நண்பகலில், களத்தின் ஓரத்தில், செல்லமுத்துவின் இளைய எருமை தலைச்சன் கன்று ஈன்றது. பாதி முகாம் அங்கேதான் நின்றது. கன்று எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்றபோது தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள்.

தண்ணீர் வடிந்ததும் மணிமொழி அறிக்கை அனுப்பினாள். மனித உயிரிழப்பு இல்லை. கால்நடை இழப்பு இல்லை. அன்று மதியமே தாசில்தார் போன் செய்தார்.

"என்னம்மா, மேட்டுக்குக் கொண்டுபோனது எம்பத்து மூணு, திரும்பிப் போனது எம்பத்து நாலுன்னு போட்டிருக்க. கூட்டல் தப்பா?"

"தப்பில்ல சார். பொறந்ததுக்குப் படிவத்துல கட்டமில்ல, அதான் அப்படிப் போட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். மணிமொழி வெளியே வந்தபோது சேறு படிந்த தெருவில் செல்லமுத்து கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். தாய் எருமை மூக்கை நீட்டி அவர் முதுகை முகர்ந்தபடியே பின்னால் வந்தது. "பாத்துங்க, வழுக்கப் போவுது!" என்று கலியம்மாள் கத்திக்கொண்டே இருந்தாள். கத்தரிச் செடியெல்லாம் வண்டலுக்கடியில் போய்விட்டிருந்தது. மணிமொழி அதைப் பற்றிக் கேட்டபோது, "இந்த வண்டல்ல பாருங்க, காய் எப்படிக் காய்க்குதுன்னு," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.