வலைக்குள் அகப்பட்ட மூவர்

1

இந்தக் கதை ஒரு தடையுத்தரவில் பிறந்தது. அத்தை போன் செய்தாள்: "தோட்டத்துல வலை கட்டறோம்டா, கயிறு பிடிக்க ஆள் வேணும், வா. ஆனா இங்க பாக்கறதை எல்லாம் கதையா எழுதிடாதே."

வெறும் வலைக்கு எதற்கு இவ்வளவு முன்ஜாக்கிரதை? அப்போதே பேனாவைத் திறந்துவிட்டேன்.

ஆரஞ்சுப் பூக்களின் மணம் மிதந்து வந்த அந்த அந்திப் பொழுதில் அவள்...

(வேண்டாம். "அந்தியில நான் மோட்டார் போட ஓடிட்டிருப்பேன், பூவை மோந்துட்டா நிப்பேன்?" என்பாள்.)

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தை தனியாளாக வளர்த்தது விதையில்லா ஆரஞ்சுத் தோட்டம். பக்கத்தில் வேறொருவரின் எலுமிச்சைத் தோப்பு. அதன் வேலியோரம் தேனீக்காரர் ஒருவர் தன் தேன் பெட்டிகளை வைத்தார். தேனீக்கள் எலுமிச்சை மகரந்தத்தை ஆரஞ்சுப் பூவில் கொண்டுபோய்ச் சேர்க்க, அந்த அறுவடையில் சுளைக்குச் சுளை கொட்டை. வியாபாரி ஒரு பழத்தைப் பிளந்து பார்த்தார். லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அத்தை பழக்கூடையோடு வேலிக்குப் போனாள்.

"உங்க பூச்சிங்க பண்ண வேலையைப் பாருங்க!"

தேனீக்காரர் ஒரு சுளையை வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

"நான் சண்டைக்கு வந்திருக்கேன், நீங்க பாட்டுக்குத் தின்னுட்டிருக்கீங்க?"

"சண்டையைப் போடுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன். இவ்வளவு நல்ல பழத்தை யாரு கீழே வைப்பாங்க?"

(முதல் பிரதியில் இவரை வில்லனாக்கி, பெரிய மீசையும் ஒட்டியிருந்தேன். இந்த இடத்தில் எடுத்துவிட்டேன். நிஜத்தில் ஒல்லியான மனிதர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.)

3

எலுமிச்சைப் பூவை விட்டால் அவருக்குத் தேன் இல்லை. இன்னொரு அறுவடை போனால் அத்தைக்குத் தோட்டமே இல்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று போனவர், அடுத்த பூக்காலத்துக்கு முன்னால் மெல்லிய வலைச் சுருள்களோடு வந்து நின்றார். மரங்களைப் போர்த்திவிட்டால் தேனீ அண்டாது.

(அண்டவில்லை. அந்தமுறை ஒரு கொட்டைகூட இல்லை. வியாபாரி இரண்டு லாரியோடு வந்தார். இதையே முடிவாக வைத்தால் வேளாண்மைக் கட்டுரையாகிவிடும் என்பதால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.)

4

வலை கட்டிய அன்று, கடைசி வரிசையில் காற்று எழுந்தது. வலை நழுவி அத்தை, தேனீக்காரர் இருவர் மேலும் விழுந்தது. கூடவே ஒரு தேனீயும் அகப்பட்டுக்கொண்டது.

"ஐயோ, கொட்டப்போகுது!"

"ஒண்ணும் பண்ணாதுங்க. வழி தேடுது, பாவம்."

அவர் வலையை மெல்லத் தூக்கினார். தேனீ வெளியே போனது. இவர்கள் போகவில்லை. அத்தை சிரிக்கத் தொடங்கினாள். ஐம்பத்து மூன்று வயதில் கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. அவர் ஏதோ கேட்டார். சிரிப்பு நின்றது. அவர் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டு, அத்தை பதில் சொன்னாள்.

முடிவு அ: "கல்யாணம் பண்ணிக்கலாமா?" (வலைக்குள் நின்றுகொண்டா கேட்பார்? கேட்கக்கூடியவர்தான்.)

முடிவு ஆ: "அந்தப் பக்கம் இறுக்கிக் கட்டலாமா?" (இதற்கா ஒருவருக்குக் காது சிவக்கும்?)

நான் வரிசையின் மறுகோடியில் இருந்தேன், அந்தக் கேள்வி காதில் விழவில்லை. கயிற்றை விட்டால் வலை பறந்துவிடும். உங்கள் கை காலியாகத்தானே இருக்கிறது? கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள். கிளையை மட்டும் உலுக்கிவிடாதீர்கள், மொட்டு விடுகிற நேரம்.